குளத்தில் மீன் விடுவதற்கு முன்

மாரி தொடங்கி நாலு மழை பெய்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து இதைக் கேட்பார்: "ரீச்சர், குளம் நிரம்பீட்டுது. என்ன மீன் விடலாம்?" கேட்பவர் சனசமூக நிலையத் தலைவராக இருப்பார், என்னிடம் படித்த பழைய மாணவராக இருப்பார், கோயில் திருப்பணிச் சபைக்காரராகவும் இருப்பார். எல்லோரும் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். குளம் துப்புரவாக இருக்கவேண்டும், நுளம்பு பெருகக்கூடாது, பின்னேரம் குளக்கட்டில் வந்து நிற்கும் பிள்ளைகள் பார்த்து மகிழ ஏதாவது நீந்தவேண்டும். நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "இப்ப ஒண்டும் விடாதேங்கோ. முதல்ல உள்ளுக்க என்ன இருக்குதெண்டு பாருங்கோ."

இந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பதை ஒருமுறை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். சூழலியல் பாடம் வரும்போது பிள்ளைகளைக் குளத்தடிக்குக் கூட்டிப்போவது என் வழக்கம். ஒன்றியவாழ்வு (இரண்டு உயிருக்கும் நன்மை), ஓரட்டிலுண்ணல் (ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கெடுதலில்லை), ஒட்டுண்ணி வாழ்வு (ஒன்றுக்கு நன்மை, மற்றதற்குக் கெடுதல்) என்று மூன்றையும் மனப்பாடம் செய்து, தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துப் பரீட்சைத் தாளில் பிசகாமல் எழுதிப் புள்ளி வாங்கிவிடுவார்கள். அந்த மூன்றும் தங்கள் ஊர்க் குளத்திலேயே நடக்கின்றன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்களில் குறைவு. ஆக்கிரமிப்பு இனங்களைப்பற்றிப் படிக்கும்போதும் அப்படித்தான்: வெளியிலிருந்து ஒன்று வந்தது, உள்ளூரில் ஒன்று அழிந்தது என்று இரண்டு வரியில் பாடம் முடிந்துவிடும். குளத்தடியில் நின்று பார்த்தால் கதை அவ்வளவு நேராகப் போவதில்லை. வந்த இனம் முதலில் கைவைப்பது இரண்டு உயிர்களுக்கு இடையில் இருக்கும் கொடுக்கல்வாங்கலில். அந்த இரண்டு உயிர்களும் பிறகும் கொஞ்சக்காலம் இருக்கும். எண்ணிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கொன்று செய்துவந்த உதவி மட்டும் நின்றுபோயிருக்கும்.

நான் முதலில் இதைக் கண்டது பச்சை ஐதரா என்ற சின்னஞ்சிறு நீர்வாழ் விலங்கில்.

மாரி ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை, மாசி மாதங்களில் குளத்து ஓரத்துப் பாசியையும் நீர்ச்செடித் துண்டுகளையும் ஊறுகாய்ப் போத்தலில் அள்ளிவந்து ஆய்வுகூடத்து யன்னலடியில் வைப்போம். அடுத்த நாள் காலையில் வெளிச்சம் விழும் பக்கத்துக் கண்ணாடியில் பச்சை நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். நகத்தின் பாதி நீளமும் வராது. தலைப்பக்கத்தில் மயிரிழைபோல் ஐந்தாறு கைகள் விரிந்திருக்கும். ஒருமுறை ஒரு மாணவி குனிந்து பார்த்துவிட்டு, "ரீச்சர், உது பாசித் துண்டெல்லோ?" என்றாள். "ஊசி நுனியால மெல்லத் தொட்டுப்பார் பிள்ளை" என்றேன். தொட்டதும் அது சுருங்கி ஒரு பச்சைப் புள்ளியானது. சற்று நேரத்தில் மறுபடி நீண்டது. துள்ளித் துள்ளி வந்த நீர்த்தெள்ளு ஒன்று அதன் கையில் பட்டு அப்படியே நின்றுவிட்டது; கைகள் மடங்கி அதை வாய்க்குள் தள்ளின. அந்த வகுப்பில் அதன்பிறகு அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

அதன் பச்சை நிறம் அதற்குச் சொந்தமானதல்ல. உடற்கலங்களுக்குள்ளே குளோரெல்லா இனத்து அல்காக்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள், குடியிருக்கின்றன. அவை ஒளித்தொகுப்புச் செய்து மோல்ற்றோசு வெல்லத்தை ஐதராவுக்குக் கொடுக்கின்றன. ஐதரா அவற்றுக்கு இருக்க இடமும் காபனீரொட்சைட்டும் நைதரசன் சேர்வைகளும் கொடுக்கிறது. தாய் முட்டையிடும்போது முட்டையோடு அல்காவும் பிள்ளைக்குப் போய்ச்சேரும். ஜெனீவாவில் பிறந்த இயற்கை ஆய்வாளர் ஆபிரகாம் திரெம்ப்ளே 1740இல் ஒல்லாந்தில் ஒரு குளத்து நீரை எடுத்துவைத்துப் பார்த்தபோது, தாவரமா விலங்கா என்று தடுமாறி வெட்டிப் பார்த்தது இந்த உயிரைத்தான். வெட்டிய துண்டுகள் முழு உயிராக வளர்ந்ததைக் கண்டு ஐரோப்பாவே வியந்தது. அவர் வியந்த அதே உயிர் நம்மூர்க் குளத்திலும் இருக்கிறது என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இந்தக் கூட்டு எங்கே உதவுகிறது என்றால், பஞ்ச காலத்தில். இரை கிடைக்கும்வரை அல்கா உள்ள ஐதராவும் அல்கா இல்லாத ஐதராவும் ஒரேமாதிரித்தான் வாழும். இரை குறைந்துவிட்டால், வெளிச்சத்தில் நிற்கும் பச்சை ஐதரா நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அல்காவை இழந்தது சுருங்கிச் சாகும். ஆகவே அதற்கு இரண்டு வழியில் உணவு வருகிறது: ஒன்று நீரில் துள்ளும் சிற்றுயிர், மற்றது மேலிருந்து விழும் வெயில்.

நான் சொல்லும் குளத்தில் இரண்டு வழியும் அடைபட்டன. முதலில் ஆகாயத்தாமரை வந்தது. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊதாப் பூ அழகாக இருக்கிறதென்று வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் பலர். அமேசன் பக்கத்திலிருந்து உலகெங்கும் போன செடி அது. இலங்கையில் 1909இலேயே அதை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றவேண்டி வந்தது. வாய்ப்பான நீரில் இரண்டு வாரத்துக்குள் இருமடங்காகும். நம்முடைய குளங்கள் அதற்கு மிகவும் வாய்ப்பானவை: வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் போட்ட உரத்தில் மிஞ்சியது மழையோடு வழிந்து வந்து சேருமிடம் குளம்தானே. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை நாம் பேசுகிறோம், குளத்துக்குள் வரும் நைத்திரேற்றைப்பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

இலைப்பரப்பு நீரை மூடியதும் கீழே இருளாகிறது. நீரடிப் பாசிகளின் ஒளித்தொகுப்பு நிற்கிறது, காற்றும் நீரும் கலப்பது குறைகிறது, செத்த வேரும் இலையும் அழுகி இருக்கும் ஒட்சிசனையும் தின்கின்றன. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பவை. போத்தலில் நான் கண்டது: ஆகாயத்தாமரைக்குக் கீழிருந்து அள்ளிய நீரில் வந்த ஐதராக்கள் வெளிறிப்போய் இருந்தன. ஓரத்தில் வெயில் படும் இடத்தில் அள்ளியவை கரும்பச்சை. ஒரே குளம், ஒரே நாள்.

அதோடு நின்றிருந்தால் ஓரத்து ஐதராவாவது மிஞ்சியிருக்கும். டெங்குப் பயம் கூடிய ஒரு மாரியில் பொலித்தீன் பைகளில் கப்பி மீன் கொண்டுவந்து குளத்தில் விட்டார்கள். கப்பி தென்னமெரிக்காவின் வடபகுதி மீன். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பதற்காகக் கடந்த நூற்றாண்டில் உலகின் எத்தனையோ நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அது முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும். ஒரு பெண் கப்பி தன் உடலில் சேர்த்துவைத்த விந்தைக் கொண்டு மாதக்கணக்கில் குஞ்சு ஈனக்கூடியது, ஆகவே ஒரே ஒரு மீன் போதும் ஒரு குளத்தை நிரப்ப. வாய்க்குள் கொள்ளும் எதையும் தின்னும்: குடம்பி, நீர்த்தெள்ளு, மற்ற மீனின் முட்டை. அடுத்த மாசியில் யன்னலடிப் போத்தலில் நீர்த்தெள்ளு துள்ளவில்லை. சில ஐதராக்கள் நின்றன. அதற்கு அடுத்த ஆண்டு அவையும் இல்லை. இரையை ஒன்று எடுத்துக்கொண்டது, வெளிச்சத்தை மற்றது எடுத்துக்கொண்டது. இரண்டில் ஒன்று மட்டும் வந்திருந்தால் அந்தப் பச்சைக் கூட்டு தப்பியிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

"ஐதரா இல்லாட்டி என்ன ரீச்சர், நுளம்பு இல்லையெல்லோ?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். டெங்கு நுளம்பு குளத்தில் முட்டையிடுவதில்லை. சிரட்டை, ரயர், யோகட் கப், பூச்சாடித் தட்டு, மூடாத சீமெந்துத் தொட்டி, அடைபட்ட பீலி: இவைதான் அதன் இடம். குளத்தில் எத்தனை ஆயிரம் கப்பி விட்டாலும் வீட்டு வளவில் கிடக்கும் சிரட்டைக்குள் அவை வரப்போவதில்லை. குளத்து நுளம்புக் குடம்பிகளைத் தின்ன ஏற்கெனவே தும்பிக் குடம்பிகளும் நீர்வண்டுகளும் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம்மூர்ச் சிறு மீனும் இருக்கின்றன. அந்தப் பொட்டு மீனை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள், நீரின் மேற்பரப்பில் குச்சிபோல அசையாமல் நிற்கும்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் சான்று பெற்ற அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய புதிய நுளம்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்று பெயர், அதுவும் வெளியிலிருந்து வந்த ஆக்கிரமிப்பு இனம்தான். கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும். பிறகு யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது. அதைத் தடுக்கப் பாவிக்காத கிணறுகளில் குடம்பி தின்னும் மீன் விடுவது சரியான வேலை, நான் அதற்கு எதிரில்லை. நாலு பக்கமும் கட்டிய கிணறு ஒரு மூடிய இடம், மீன் வெளியேறாது. குளம் அப்படியா? 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழை கொட்டியபோது எது குளம், எது வயல், எது வீதி என்று தெரியாமல் ஒரே வெள்ளமாக நின்றதே. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கும் வழுக்கையாறு வழியில் குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மேலே ஒரு குளத்தில் விட்டது கீழே எல்லாக் குளத்திலும் விட்டதுதான்.

தொண்டைமானாற்றில் பார்த்ததை அடுத்ததாகச் சொல்கிறேன். இதைத்தான் பிள்ளைகளுக்கு மிக விருப்பமாகக் காட்டுவேன்.

செல்வச்சந்நிதிப் பக்கம், காற்று விழுந்திருக்கும் காலை நேரத்தில் நீர் தெளிந்திருந்தால், கரையோரக் கற்களுக்கிடையில் இரண்டு மீன்களைப் பார்க்கலாம். ஒன்று உள்ளங்கை அகலமான, பச்சை கலந்த சாம்பல் நிற உடம்பில் முத்துப் புள்ளிகளும் குறுக்குப் பட்டைகளும் உடையது. கேரளத்தவர் கரிமீன் என்று கொண்டாடி, தங்கள் மாநில மீனாக்கியிருப்பது இதைத்தான். மற்றது அதன் சின்ன உறவு, மஞ்சள் நிறத்தில் இரண்டு விரல் நீளம். பெரியது நீந்துவதை நிறுத்தி, செட்டைகளை விரித்துக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தாற்போல் நிற்கும். சின்னது கிட்டப்போய் வால்ச் செட்டையின் ஓரத்தை மெல்லக் கொத்தும், பிறகு பக்கவாட்டில், பிறகு மறுபடி வாலில். பெரியது விலகிப்போகாது. செட்டையில் பிடிக்கும் பூஞ்சணத்தையும் ஒட்டுண்ணிகளையும் சின்னது தின்று துப்புரவாக்குகிறது. பெரியதற்குச் சுகம், சின்னதற்குச் சாப்பாடு. பவளப்பாறையில்தான் இப்படித் துப்புரவாக்கும் மீன்கள் உண்டு என்று நினைப்போம். நம்முடைய உவர்நீரிலும் நன்னீரிலும் வாழும் இந்த இரண்டு மீன்களுக்கிடையில் உள்ள கூட்டை வார்ட், வைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972இல் விரித்து எழுதினார்கள். அவர்கள் பார்த்த இடங்களில் இலங்கையும் ஒன்று. இதே சின்ன மீன் சந்தர்ப்பம் கிடைத்தால் பெரியதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கூட்டு என்றால் அன்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடாது. இருவருக்கும் ஆதாயம் இருக்கும்வரை நடக்கும் ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டுக்கு நடுவில் நிற்பது திலாப்பியா. ஆபிரிக்காவிலிருந்து மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. நன்னீர், உவர்நீர், கடல்நீர் மூன்றிலும் வாழும். தாய் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கிறது. நம்முடைய பெரிய மீனோ முட்டையைக் கல்லிலும் கட்டையிலும் ஒட்டிவிட்டு, தாயும் தந்தையும் நின்று காவல் காக்கவேண்டும். ஆண் திலாப்பியாக்கள் கூட்டமாக வந்து அடித்தரையில் குழி தோண்டும்போது சேறு கிளம்புகிறது, காவல் நிற்கும் சோடி ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. சோடிகள் சிதறினால் துப்புரவாக்கும் சின்ன மீனுக்கு வாடிக்கை குறைகிறது. நீர் கலங்கியிருந்தால் ஒன்று செட்டை விரித்து அழைப்பதை மற்றது காண்பதும் கடினம். முன்பு அந்தக் காட்சிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். இப்போது பிள்ளைகளோடு போய்க் காலை முழுதும் நின்றும் காணாமல் திரும்பிய நாட்கள் உண்டு. திலாப்பியா கூட்டங்கூட்டமாகக் கண்ணில் பட்டது.

திலாப்பியாவைத் திட்டித் தீர்ப்பது என் நோக்கமில்லை. இரணைமடு போன்ற பெரிய குளங்கள் மனிதர் கட்டியவை, ஆழ்ந்து அகன்ற அந்த நீரில் வாழ்ந்து பழகிய உள்ளூர் மீன்கள் குறைவு. அங்கே திலாப்பியா பிடித்துத்தான் பல குடும்பங்கள் சீவிக்கின்றன, கடல்மீன் வாங்க வசதியில்லாத வீட்டுக்குக் குறைந்த விலையில் புரதம் போகிறது. அதை நிறுத்து என்று எவராலும் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. நான் கேட்பது, இன்னும் திலாப்பியா போகாத சிறு குளங்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்பதே.

வன்னிப் பெருங்குளங்களில் இன்னொரு கூட்டு இருக்கிறது, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் நன்னீர்ச் சிப்பி. அது தானாக இடம்பெயராது என்றே சொல்லலாம். அதன் குடம்பி மட்டும் ஊர் சுற்றும்: தாய் வெளியே விட்டதும் ஒரு மீனின் செவுளிலோ செட்டையிலோ கவ்விக்கொண்டு சில நாட்கள், சில வாரங்கள் அங்கே வளர்ந்து, பிறகு வேறோரிடத்தில் உதிர்ந்து சேற்றில் குடியேறும். எல்லா மீனும் இதற்குப் பொருந்தாது. பொருந்தாத மீனின் உடல் குடம்பியை உதறித் தள்ளிவிடும். பொருந்தும் உள்ளூர் மீன் குறைந்துபோனால் சிப்பி உடனே சாகாது. அது பல்லாண்டு வாழும் உயிர். குளம் நிறையப் பெரிய சிப்பிகள் கிடக்கும், சின்னச் சிப்பி ஒன்றும் இருக்காது. கோடையில் நீர் வற்றும்போது ஓரத்துச் சேற்றைக் கிளறி, சின்னஞ்சிறு சிப்பி கிடைக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் குளத்தின் சுகத்தைச் சொல்லிவிடும் பரிசோதனை இது.

இதே கூட்டு முறிந்த கதை ஐரோப்பாவில் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. அங்கே பிற்றர்லிங் என்ற சிறு மீன் உள்ளூர்ச் சிப்பியின் செவுளுக்குள்ளேயே முட்டையிடும். சிப்பியின் குடம்பியும் மீனில் ஏறிச் செல்லும். பிறகு சீனத்துக் குளச்சிப்பி வந்தது. யாரும் சிப்பி கொண்டுவரவில்லை; வளர்ப்புக்காகக் கொண்டுவந்த சீனக் கெண்டைக் குஞ்சுகளின் உடலில் ஒட்டிக்கொண்டு குடம்பி வந்தது. புதிய சிப்பி தனக்குள் பிற்றர்லிங் இட்ட முட்டைகளை வெளியே தள்ளிவிடுகிறது, தன் குடம்பிகளை மட்டும் அதே மீனில் ஏற்றி வளர்க்கிறது. கொடுக்கல் நின்றுபோய் வாங்கல் மட்டும் நடக்கிறது. இதை வாசித்தபிறகு மீன்குஞ்சுப் பையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. பைக்குள் இருப்பது மீன் மட்டுமில்லை. நங்கூரப் புழு என்று சொல்லும் லேர்னியா என்ற மீன் ஒட்டுண்ணி கெண்டை மீன்களோடுதான் உலகம் சுற்றியது. 1987 இறுதியில் இலங்கை நன்னீர் மீன்களில் பரவிய புண்நோயை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள், விரால்கள் உடம்பில் சதை தெரியப் புண் விழுந்து மிதந்தன. அபனோமைசிஸ் என்ற பூஞ்சணம்போன்ற உயிர் அதற்குக் காரணம், ஆசியா முழுவதும் நாடு நாடாகப் பரவிய நோய் அது. திலாப்பியாவுக்கு அந்த நோய் இலகுவில் தொற்றுவதில்லை. உள்ளூர் மீன் விழுந்த இடத்தில் வந்த மீன் நின்றது.

இனி, வேலைக்கு வருவோம். குளத்தடியில் நின்று பழகியதில், இவை பயன்படும் என்று உறுதியாகச் சொல்லமுடியும்.

ஆகாயத்தாமரையை அள்ளுவதென்றால் ஆடி, ஆவணியில் நீர் இறங்கி நிற்கும்போது, பூப்பதற்கு முன்னே அள்ளுங்கள். துண்டு துண்டாக வெட்டவேண்டாம், துண்டு ஒவ்வொன்றும் மறுபடி வளரும். கையால் வேரோடு தூக்குங்கள். தூக்கியதை உடனே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றவேண்டாம். குளத்து நீரோடு ஒரு பெரிய வாளி வைத்து, வேரை அதற்குள் நன்றாக உலுப்புங்கள். நத்தை, தும்பிக் குடம்பி, சிறு இறால், ஐதரா எல்லாம் அந்த வேர்த் தும்பில்தான் ஒதுங்கியிருக்கும். வாளிக்குள் கப்பி விழுந்தால் அதை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைக் குளத்தில் ஊற்றுங்கள். உலுப்பியதை ஓரத்தில் ஓர் இரவு வைத்தால் மிச்சமிருப்பவையும் ஊர்ந்து நீருக்குள் போகும். அடுத்த நாள் குளக்கட்டுக்கு அப்பால், வெள்ளம் எட்டாத மேட்டில் பரப்பிக் காயவிடுங்கள். களைநாசினி வேண்டவே வேண்டாம். எல்லாம் ஒரேயடியாக அழுகி, இருக்கும் ஒட்சிசனையும் கொண்டுபோய்விடும், அந்த நீர் நிலத்துக்குள் இறங்கி நம் கிணற்றுக்குத்தான் வரும். விதை சேற்றில் பதினைந்து, இருபது ஆண்டு உறங்கும் என்பதால் முதல் மழைக்குப் பிறகு ஓரத்தில் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்கும் வேலை ஒவ்வோராண்டும் இருக்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது ஏற்ற வேலை.

நீரில் மிதக்கும் இன்னொரு களையான சல்வீனியாவுக்கு வேறு கதை. 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்காகக் கொண்டுவந்த செடி வெளியே தப்பி நாடெங்கும் பரவியது. 1986இலிருந்து, அதை மட்டுமே தின்னும் என்று சோதித்துப் பார்த்த சிறு வண்டு ஒன்றை விட்டுப் பெரிய அளவில் அடக்கினார்கள். ஒரு பூச்சியை விடுவதற்கு முன் எவ்வளவு சோதனை செய்தார்கள் என்று பாருங்கள். நாம் ஒரு பை மீனை ஒரு பின்னேரத்தில் விட்டுவிடுகிறோம்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: வளர்க்க முடியாமல் போனால் கடைக்காரரிடம் திருப்பிக்கொடுங்கள், இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள். குளத்திலும் கேணியிலும் விடுவது புண்ணியம் இல்லை. 'டாங்க் கிளீனர்' என்று விற்கும் கறுத்த மீன் ஓரடிக்கு மேல் வளரும், பாசியோடு மற்ற மீனின் முட்டையையும் வழித்துத் தின்னும். புளோரிடாவில் வெளியே விட்ட இந்த மீன்கள் கடற்பசுக்களின் முதுகில் கூட்டமாக ஒட்டி அங்குள்ள பாசியை மேய்கின்றன. பார்ப்பதற்குத் துப்புரவாக்கும் உதவிபோல இருக்கும். கடற்பசுவோ தூக்கம் கலைந்து உடம்பை உருட்டி உலுப்பிக்கொண்டிருக்கும். செங்காது ஆமைக் குஞ்சும் அப்படியே, கையளவில் வாங்குகிறீர்கள், அது பல பத்தாண்டுகள் வாழும். நம்முடைய கறுத்த குளத்து ஆமையும் பாலாமையும் ஏறி வெயில் காய்வதற்குக் குளத்தில் இருப்பது ஓரிரு கல்லும் கட்டையும்தான்.

ஒரு குளத்தில் பாவித்த வலை, வாளி, சப்பாத்தை அடுத்த குளத்துக்குக் கொண்டுபோகுமுன் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நம்மூர் வெயில் இதற்குப் போதும். வீட்டுத் தொட்டியில் நுளம்பு என்றால் வாரத்துக்கொருமுறை நீரை வெளியேற்றிச் சுவரை உரஞ்சிக் கழுவுங்கள், டெங்கு நுளம்பு முட்டையைச் சுவரில்தான் ஒட்டும். கட்டாயம் மீன்தான் வேண்டும் என்றால் அதே ஊர்க் குளத்துப் பொட்டு மீனில் நாலைந்தைப் பிடித்துத் தொட்டியில் விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் ஊராரோடு எனக்கு விவாதம் அதிகம். குளம் தூர்வாருவது. யாழ்ப்பாணத்துக் குளங்களில் பெரும்பாலானவை கோடையில் வற்றுபவை. சோளகம் அடிக்கும் மாதங்களில் சேறு வெடித்துக் கிடப்பதைப் பார்த்து, குளம் செத்துவிட்டது என்று கவலைப்படுகிறோம். அந்த வெடிப்புக்குள் நன்னீர்ப் பஞ்சு என்ற விலங்கின் உறங்கும் மொட்டுகளும் நீர்த்தெள்ளின் முட்டைகளும் அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன. பச்சை ஐதராபோல நன்னீர்ப் பஞ்சின் பல இனங்களும் உடலுக்குள் அல்கா வைத்திருப்பவைதான். இந்த உயிர்கள் வரட்சிக்குப் பழகியவை. கப்பியும் திலாப்பியாவும் பழகாதவை. குளம் வற்றினால் அவை செத்துப்போகும். ஆண்டுக்கொருமுறை நம் குளம் தானாகவே வந்தவர்களை வெளியேற்றி, இருந்தவர்களை வைத்துக்கொள்கிறது. நாம் இயந்திரம் கொண்டுவந்து குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தோண்டி, ஆண்டு முழுக்க நீர் நிற்கும்படி செய்து, சுற்றிவரக் கல் பதித்துவிட்டால், உறங்கிய முட்டைகள் பெட்டியில் ஏறிப் போகின்றன, வந்த மீனுக்கு நிரந்தர வீடு கிடைக்கிறது.

நிலத்தடி நீருக்காகக் குளம் ஆழமாகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். நம்முடைய சுண்ணக்கல் நிலத்தில் மழைநீரை நிறுத்தி இறக்காவிட்டால் கிணறு உவர்க்கும். ஆகவே தோண்டவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. ஒரு பக்கத்தை, குளத்தில் மூன்றிலொரு பங்கையாவது, ஆழமில்லாத சரிவாகவே விட்டுவிடுங்கள், அங்கே கோடையில் சேறு வெடிக்கட்டும். தோண்டும் பக்கத்திலும் மேற்சேற்றைத் தனியே குவித்து, வேலை முடிந்தபின் ஒரு பகுதியைத் திரும்பப் பரப்புங்கள்.

எங்கள் குளத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சனசமூக நிலையத் தலைவர், "ரீச்சர், சேறு வெடிச்சுக் கிடந்தா வாற சனம் எங்களைத்தானே குறை சொல்லும்?" என்று கேட்டார். தோட்டக்கார ஐயா ஒருவர் எனக்காகப் பேசினார். முந்தி அந்தக் கிழக்கு மூலை வற்றும்போதுதான் நாரையும் கொக்கும் இறங்கும், மாரி வந்ததும் அங்கேதான் தவளை முதலில் கத்தும் என்றார். கடைசியில் கிழக்கு மூலையைத் தோண்டாமல் விடுவதென்று முடிவாயிற்று. கல் பதிப்பது மேற்குக் கரையில் மட்டும். மீன் விடும் விழாவைப்பற்றி இன்னும் இணக்கம் வரவில்லை. பட்டம், பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகளை வைத்துக் குளத்து நீரை ஊறுகாய்ப் போத்தலில் அள்ளிப் பார்ப்போம், என்ன தெரிகிறதோ அதை வைத்துக்கொண்டு மாசிக் கூட்டத்தில் பேசுவோம் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.